சொகுசுப் படகு வாடகை: ஓட்டச் செலவும் முன்பணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இருந்து நாலைந்து குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து லங்காவியிலோ லுமுட்டிலோ படகு எடுக்கும்போது வாடகையைப் பற்றி அவ்வளவாகக் குழப்பம் வருவதில்லை. அதற்கு மேல் கட்டச் சொல்லும் ‘ஏ.பி.ஏ.’ என்ற செலவு முன்பணத்தில்தான் சண்டையே. இந்தப் பக்கம் அதற்காக. கீழே வரும் படகுக் கணக்குகள் மாதிரிக்குப் போட்டவை. உங்கள் படகின் எண்களைக் கேப்டனிடம் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

வாடகைதான் கட்டிவிட்டோமே, அப்புறம் எதற்கு இன்னொரு தொகை?

கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசும்போது கூலி வேறு, சாமான் வாங்கக் கொடுக்கும் பணம் வேறு. இதுவும் அப்படித்தான். வாடகை படகுக்கும் அதன் ஆட்களுக்கும். படகு ஓடுவதற்கும் நீங்கள் சாப்பிடுவதற்கும் ஆகும் செலவு உங்களுடையது. எத்தனை மணி நேரம் ஓடுவீர்கள், படகை எங்கே கட்டுவீர்கள், என்ன குடிப்பீர்கள் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு தொகையை முன்னாலேயே கேப்டன் கையில் கொடுத்துவைக்கிறீர்கள். அவர் உங்கள் பெயரில் செலவு செய்து, ரசீது வைத்து, மீதியைத் திருப்புகிறார்.

இந்த ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவியதற்கு ‘மைபா’ ஒப்பந்தம் பெரிய காரணம். மத்தியதரைக் கடல் பகுதிப் படகுத் தரகர்கள் 1984இல் தொடங்கிய சங்கம் அது. அதன் ஒப்பந்தப் படிவத்தில் படகு, கருவிகள், ஆட்களின் சம்பளம், சீருடை, அவர்கள் சாப்பாடு, படகின் காப்புறுதி எல்லாம் வாடகைக்குள் அடங்கும். இங்குள்ள படகுகள் எல்லாமே அந்தப் படிவத்தில் ஓடுவதில்லை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ‘செலவு சேர்த்தா, சேர்க்காமலா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணம் எவ்வளவு இருக்கும்?

மோட்டார் படகுக்கு வாடகையில் 30 விழுக்காடு என்பது வழக்கமான தொடக்கப் புள்ளி. வேகமாக ஓடும் பெரிய படகு என்றால் 35, 40 வரைகூடப் போகும். பாய்மரப் படகு எண்ணெய் குறைவாகக் குடிப்பதால் 20 முதல் 25.

விழுக்காடு குறைவாக இருப்பதை மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். எதையும் அது தள்ளுபடி செய்வதில்லை. 20 விழுக்காடு கட்டிவிட்டு மூன்றாம் நாளே பணம் தீர்ந்து, நடுக்கடலில் வங்கிச் செயலியைத் திறந்துகொண்டு சிக்னல் தேடுவதைவிட, 35 கட்டி மீதியைத் திரும்ப வாங்குவது நிம்மதி.

யாரிடம் கட்டுவது, எப்போது?

பெரும்பாலும் வாடகையின் கடைசித் தவணையோடு, ஏறுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, தரகரின் கணக்குக்கு. அவர் அதைக் கேப்டனுக்கு அனுப்புவார். கேப்டனின் சொந்தக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுப் படகுக்கு யூரோவில் அனுப்பும்போது நடுவில் உள்ள வங்கிகள் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். போய்ச் சேர்வது குறைந்துவிடும். அனுப்பும் பாரத்தில் ‘எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கு’ என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். மீதி திரும்பி வரும்போது நாணய மாற்றில் இன்னொரு தடவை கொஞ்சம் போகும். அதைத் தவிர்க்க வழியில்லை.

எதெல்லாம் முன்பணத்திலிருந்து போகும், எது போகக் கூடாது?

போவது: இயந்திரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல், சிறுபடகுக்கும் ஜெட்ஸ்கிக்கும் பெட்ரோல், விருந்தினர் சாப்பாடு, குடிவகை, மெரினாவில் (படகுத்துறையில்) படகைக் கட்டிவைக்கும் கட்டணம், கரையிலிருந்து எடுக்கும் மின்சாரமும் தண்ணீரும், கடல் பூங்கா நுழைவு, துறைமுக ஏஜெண்டுக் கட்டணம், உங்கள் சொந்தத் துணிச் சலவை, நீங்கள் தனியாகக் கேட்ட கேக், பூ, பலூன்.

போகக் கூடாதது: ஆட்களின் சம்பளம், படகுப் பராமரிப்பு, இயந்திரத்துக்கு மாற்றும் மசகெண்ணெய், வடிகட்டி, சோப்பு, துடைக்கும் துணி. மைபா வகை ஒப்பந்தத்தில் ஆட்களின் சாப்பாடும் முன்பணத்தில் வராது. நடைமுறையில் தகராறு வருவது இங்கேதான்: ஒரே கடையில், ஒரே ரசீதில் விருந்தினருக்கு மீனும் ஆட்களுக்கு அரிசியும் வாங்கிவிடுவார்கள். இரண்டு ரசீதாக வாங்கச் சொல்லுங்கள். உள்ளூர்ச் சிறு படகுகளில் ஆட்கள் உங்களோடு சேர்ந்தே சாப்பிடுவது சகஜம். அதை முதல் நாளே பேசி முடித்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

வரி முன்பணத்துக்குள் வராது. விலைப்பட்டியலில் சேவை வரி சேர்ந்திருக்கிறதா, மேலே வருமா என்று தனியாகக் கேளுங்கள்.

எண்ணெய்ச் செலவு ஏன் எப்போதும் நினைத்ததைவிட அதிகமாக வருகிறது?

வேகம். வேறு எந்தக் காரணமும் இதற்குப் பக்கத்தில் வராது.

24 மீட்டர் நீள மோட்டார் படகை எடுத்துக்கொள்வோம். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் இரண்டு இயந்திரமும் சேர்ந்து மணிக்கு 90 லிட்டர் குடிக்கிறது. 20 நாட்டில் 320 லிட்டர் என்று வைப்போம். வேகம் இரண்டு மடங்கு, எண்ணெய் மூன்றரை மடங்கு. படகின் நீளத்துக்கு ஏற்ற ஒரு இயற்கை வேகம் உண்டு. அதைத் தாண்டினால் படகு தானே கிளப்பிய அலைமேல் ஏறி ஓட வேண்டியிருக்கிறது. குதிரைசக்தி அதில்தான் கரைகிறது. இந்த அளவுப் படகுக்கு அது 11 நாட் பக்கம்.

லங்காவியிலிருந்து புக்கெட் சுமார் 120 கடல் மைல். 10 நாட்டில் போனால் 12 மணி நேரம், 1,080 லிட்டர். 20 நாட்டில் 6 மணி நேரம், 1,920 லிட்டர். லிட்டர் 3.50 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 3,780 வெள்ளிக்கும் 6,720 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம். ஆறு மணி நேரத்தை மிச்சப்படுத்த 2,940 வெள்ளி. கொடுக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். கேப்டனிடம் ‘சீக்கிரம் போகலாமா?’ என்று கேட்டால் அவர் போய்விடுவார்; விலையைச் சொல்லமாட்டார். ‘இந்த வேகத்தில் மணிக்கு எத்தனை லிட்டர்?’ என்று கேளுங்கள்.

நங்கூரம் போட்டுச் சும்மா நின்ற நாளிலும் டீசல் போயிருக்கிறதே?

ஜெனரேட்டர். குளிர்சாதனம், அடுப்பு, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மணிக்கு 10 லிட்டர் என்றால் இருபது மணி நேரத்துக்கு 200 லிட்டர்; மேலே சொன்ன விலையில் ஒரு நாளைக்கு 700 வெள்ளி. கதவைத் திறந்துவைத்துக் குளிர்சாதனம் போடும் பிள்ளைகளிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

மெரினாவில் கட்டினால் கரை மின்சாரம் எடுக்கலாம், ஜெனரேட்டர் நிற்கும். ஆனால் கட்டும் கட்டணம் வரும். இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடத்தான் வேண்டும் என்றால் மெரினா சில இரவுகளில் நங்கூரத்தைவிட மலிவாக முடியும். இரண்டையும் கேப்டனைக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

டீசல் எவ்வளவு போனது என்று நாம் எப்படிச் சரிபார்ப்பது?

ஏறியவுடன், பெட்டியை அறையில் வைக்குமுன், கேப்டனோடு இயந்திர அறைக்குப் போங்கள். கைபேசியில் எடுக்க வேண்டிய படங்கள்: ஒவ்வொரு எண்ணெய்த் தொட்டியின் அளவு, இடது இயந்திர மணிமானி (எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது), வலது இயந்திர மணிமானி, ஒவ்வொரு ஜெனரேட்டரின் மணிமானி, சிறுபடகின் பெட்ரோல் தொட்டி. இறங்கும்போது அதே படங்கள், அதே வரிசையில். இவ்வளவுதான் வேலை, ஆனால் இதைச் செய்யாதவர்களுக்குப் பிறகு பேச எந்த ஆதாரமும் கிடையாது.

சரிபார்க்கும் முறை இது. தொடக்கத்தில் 5,000 லிட்டர், முடிவில் 2,990. போனது 2,010. மணிமானிப்படி இயந்திரம் 14 மணி நேரம் மெதுவேகத்தில் ஓடியிருக்கிறது: 14 × 90 = 1,260. ஜெனரேட்டர் 70 மணி நேரம்: 700. மொத்தம் 1,960. ஐம்பது லிட்டர் வித்தியாசம். தொட்டி அளவுகாட்டி, படகு ஆடும்போது அவ்வளவு தவறும். விட்டுவிடலாம். வித்தியாசம் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: முந்தைய கூட்டம் தொட்டியை முக்கால் காலியாக விட்டுப் போயிருக்கும். உங்கள் முன்பணத்தில் தொட்டியை நிரப்பிவிட்டு, அந்த முழு ரசீதையும் உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். நீங்கள் கட்ட வேண்டியது ஊற்றிய எண்ணெய்க்கு அல்ல, எரித்த எண்ணெய்க்கு. தொடக்கப் படம் கையில் இருந்தால் இது ஒரு நிமிடப் பேச்சு.

நம்ம ஊரிலிருந்தே டிரம்மில் டீசல் கொண்டுபோய் ஊற்றலாமா?

வேண்டாம். டீசல் 1961ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் கட்டுப்பாட்டுப் பொருள். அனுமதி இல்லாமல் டிரம் டிரம்மாக வாங்கி லோரியில் ஏற்றினால் அதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மேலும், 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறிய பிறகு பழைய மலிவும் இல்லை. டிரம்மில் தங்கிய தண்ணீரும் துருவும் வடிகட்டியை அடைத்து இயந்திரம் நின்றால், அந்தச் செலவை முன்பணத்தில் அல்ல, சேதத்துக்காக நீங்கள் கட்டிவைத்த காப்புப் பணத்தில் பிடிப்பார்கள்.

கேப்டன் தரும் கணக்கு எப்படி இருக்க வேண்டும்?

தேதி, விவரம், ரசீது எண், தொகை, மீதி என்று ஐந்து பத்தி. தினமும் இரவு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடைசி நாள் காலை, எல்லாரும் மூட்டை கட்டும் அவசரத்தில் நாற்பது ரசீதை யாரும் பார்க்கப் போவதில்லை.

லங்காவியில் நாலு இரவு, எட்டுப் பேர், வாடகை 80,000 வெள்ளி, முன்பணம் 24,000 என்று ஒரு மாதிரிக் கணக்கு:

டீசல் 2,010 லிட்டர் – 7,035
சிறுபடகுப் பெட்ரோல் 60 லிட்டர் – 192
சாப்பாட்டுச் சாமான் – 5,400
குடிவகை – 1,850
மெரினா இரண்டு இரவு – 900
கரை மின்சாரம், தண்ணீர் – 310
நுழைவுக் கட்டணம், சலவை, சில்லறை – 760
மொத்தம் – 16,447
திருப்ப வேண்டியது – 7,553

‘சில்லறை’ என்ற வரியை மட்டும் விரலை வைத்துக் கேளுங்கள். மீன் சந்தையில் ரசீது கிடைக்காது, உண்மைதான். அதற்குச் சில்லறைச் செலவுச் சீட்டு எழுதி, வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும்: என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை. ‘சந்தை – 600’ என்று மொட்டையாக எழுதியது சீட்டு இல்லை.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க வழி உண்டா?

படகுக்காரர் அனுப்பும் விருப்பப் பட்டியலை ஒழுங்காக நிரப்புவதே பாதி வழி. அதை வெறுமையாக அனுப்பினால் சமையல்காரர் பாதுகாப்புக்கு எல்லாவற்றையும் வாங்கிவைப்பார்: சால்மன், பாலாடைக்கட்டி, யாரும் தொடாத வெளிநாட்டுப் பழம். ‘சாப்பிடாதது’ என்ற இடத்தில் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதாது. யார் முழுச் சைவம், யார் வெள்ளி மட்டும் சைவம், புரட்டாசியா, விரதத்தில் இருப்பவர் முட்டை சாப்பிடுவாரா, தனிச் சட்டி வேண்டுமா என்று ஆள் பெயரோடு எழுதுங்கள். எல்லா நாளும் பசியாறலுக்கு நாசி லெமாக்கே போதும் என்றால் அதையும் எழுதலாம், சமையல்காரர் சந்தோஷப்படுவார்.

லங்காவித் தீவுக்குக் காய்கறியில் பெரும்பகுதி கோல பெர்லிஸ், கோல கெடா வழியாகப் படகில் வருவதால் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். மசாலாத் தூள், பருப்பு, அப்பளம், ஊறுகாய், காப்பித் தூள் எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிக் கட்டிப் போங்கள். கெட்டுப்போகாத சாமான் கொண்டுவருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவரும் வாங்கிவிடுவார். மாவு, இறைச்சி, கீரை எடுத்துப் போக வேண்டாம். காரில் நெடுஞ்சாலை, பிறகு பெரி, பிறகு மெரினா. மாவு போய்ச் சேருமுன் பொங்கிவிடும்.

மிஞ்சிய சாமானும் மதுவும் யாருக்கு?

உங்கள் பணத்தில் வாங்கியது உங்களுக்கு. ஆனால் லங்காவி தீர்வையற்ற தீவு. அங்கே மலிவாக வாங்கிய மதுவை அப்படியே பெட்டியில் அடுக்கிக்கொண்டு வர முடியாது. குறைந்தது 48 மணி நேரம் தீவில் தங்கியிருக்க வேண்டும், ஓர் ஆளுக்கு ஒரு லிட்டர் அளவு. அதனால் திறக்காத புட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கச் சொல்லுங்கள். மிஞ்சிய அரிசி, எண்ணெயைப் பெரும்பாலோர் ஆட்களுக்கே விட்டுவருவார்கள். நல்ல பழக்கம்.

பாதியிலேயே முன்பணம் தீர்ந்தால்?

முக்கால் பங்கு செலவானதும் உங்களிடம் சொல்வது நல்ல கேப்டனின் வழக்கம். நீங்கள் மேலும் பணம் அனுப்பும்வரை அவர் தன் கைக்காசைப் போட வேண்டியதில்லை. எண்ணெய் வாங்காமல் நிறுத்திவைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. எப்படியும் கடைசிப் பாக்கியை இறங்குமுன் தீர்க்க வேண்டும். காசோலை எடுபடாது. ஒருவர் கைபேசியிலாவது வங்கியின் ஒரு நாள் அனுப்பும் வரம்பைப் புறப்படுமுன்பே உயர்த்திவைத்திருங்கள்.

மீதி எப்போது கைக்கு வரும்?

இறங்கும் நாளிலேயே ரொக்கமாக, அல்லது தரகர் வழியாகச் சில நாளில். எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். மெரினாவிடமிருந்து மின்சாரக் கணக்கு இன்னும் வரவில்லை என்றால் அதற்கு ஒரு சிறு தொகையை நிறுத்திவைப்பது நியாயம். முழு மீதியையும் நிறுத்திவைப்பது நியாயமில்லை.

நாலு குடும்பம் சேர்ந்து போகிறோம். எப்படிப் பங்கு போடுவது?

படகுக்காரருக்கு ஒரே ஆள்தான் தெரியும்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். மச்சான் பங்கைக் கொடுக்கவில்லை என்றாலும் கேப்டன் உங்களிடம்தான் வருவார். ஆகவே முன்பணத்தை எல்லாரிடமும் முழுதாகச் சேர்த்த பிறகே அனுப்புங்கள்.

எண்ணெய், மெரினா, மின்சாரம் – இவற்றை அறைக் கணக்கில் பிரியுங்கள். சாப்பாட்டைத் தலைக்கணக்கில், பத்து வயதுக்குக் கீழ் பாதி. குடிவகையைக் கேப்டனிடம் தனிப் பத்தியாக எழுதச் சொல்லி, குடிப்பவர்களுக்குள் மட்டும். குடிக்காத குடும்பம் விஸ்கிக்குப் பங்கு கொடுத்த பயணங்கள் அடுத்த வருடம் நடப்பதில்லை. ஜெட்ஸ்கி பெட்ரோலுக்கும் இதே முறை வைக்கலாம், ஆனால் அந்த அளவுக்குப் போனால் பயணம் முழுக்கக் கிராணி வேலைதான்.

ஆட்களுக்கு அன்பளிப்பு இதிலிருந்தா?

இல்லை, தனி. மைபா வழிகாட்டல் வாடகையில் 5 முதல் 15 விழுக்காடு என்கிறது. உள்ளூர்ப் படகுகளில் இதற்குக் கட்டாய அளவு எதுவும் கிடையாது. மீதி முன்பணத்தில் ஒரு பகுதியை அன்பளிப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் தொகையை எழுதிக் கொடுங்கள். மொத்தமாகக் கேப்டனிடம் கொடுத்து எல்லாருக்கும் பிரிக்கச் சொல்வது வழக்கம். சமையல்காரருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்தால் படகில் புகைச்சல்தான் மிஞ்சும்.

காப்புப் பணமும் இதுவும் ஒன்றா?

இல்லை. காப்புப் பணம் நீங்கள் எதையாவது உடைத்தால் பிடிப்பதற்கு. உடைந்த கண்ணாடிக் கதவைச் செலவு முன்பணத்தில் கழித்திருந்தால் அந்த வரியை ஒத்துக்கொள்ளாதீர்கள். தனியாகப் பேச வேண்டிய விஷயம் அது.

ஆள் இல்லாமல் நாமே ஓட்டும் படகுக்கு?

அங்கே முன்பணம் கிடையாது. நிரம்பிய தொட்டியோடு எடுத்து, நிரப்பித் திருப்பித் தர வேண்டும், அல்லது இயந்திர மணிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். சமையல் எரிவாயு, படுக்கை விரிப்பு, கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணம் மேலே வரும். கேப்டனை மட்டும் தனியாகப் பேசி ஏற்றினால் அவர் தினக்கூலியோடு சாப்பாடும் உங்கள் பொறுப்பு. சில மணி நேரம் மட்டும் போகும் மாலைப் படகுகளில் எல்லாம் சேர்த்தே விலை. நேரம் தாண்டினால் மணிக்கு என்ன என்பதை மட்டும் கேட்டால் போதும்.

வானிலை கெட்டால் கூடுதல் செலவு யாருடையது?

உங்களுடையது. மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்திராப் பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்று வரும். கேப்டன் மெரினாவுக்குள் ஒதுங்கினால் அந்த இரவின் கட்டணம் முன்பணத்தில்தான் போகும். பாதுகாப்பு விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. காசுக்காக அதில் வாதாட வேண்டாம். இயந்திரம் பழுதாகி ஒதுங்கினால் கதை வேறு. அது படகுக்காரர் பொறுப்பு, மெரினா ரசீதும் அவருக்கே.

பயணமே ரத்தானால் முன்பணம் என்ன ஆகும்?

வாடகையைத் திருப்புவதற்கு ஆயிரம் நிபந்தனை இருக்கலாம். ஆனால் முன்பணம் செலவழிக்காத வரை உங்கள் பணம், திரும்பி வர வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்ட, கடை திரும்ப எடுக்காத சாமான், கட்டிவிட்ட மெரினா முன்பதிவு – இவற்றை ரசீதோடு கழிப்பார்கள். தேதி மாற்றினால் தொகையை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். அந்தப் படகையே நிச்சயம் எடுப்பீர்கள் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.